கெம்பஸ் போன பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வது?



வெட்டுப்புள்ளி வந்தால் இரண்டு நாளைக்குள் ஊரில் பெனர் ஏறிவிடும். பாடசாலை வாசலில் ஒன்று, பள்ளிவாசல் சந்தியில் ஒன்று, விளையாட்டுக் கழகத்தின் பேரில் இன்னொன்று. பிள்ளையின் படம், பீடத்தின் பெயர், மாவட்ட நிலை, கீழே வாழ்த்துவோர் பெயர்கள். வட்ஸ்அப் குழுக்களில் மாஷா அல்லாஹ் நிறைந்து வழியும். நல்லதுதான். இரண்டு வருசம் கண் விழித்துப் படித்த பிள்ளைக்கு ஊர் கொடுக்கிற மரியாதை அது. அதில் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை.

இந்தப் பதிவு, அந்தப் பெனர் வெயிலில் வெளிறிப்போன பிறகு நடப்பதைப் பற்றியது.

ஏ.எல் வகுப்புகளுக்குப் படிப்பிக்கிற எங்களுக்கு ஒரு வசதி உண்டு. பிள்ளைகள் போன பிறகும் தொடர்பில் இருப்பார்கள். நோன்பு லீவுக்கு வந்தால் ஸ்டாஃப் ரூம் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். உம்மா வாப்பாவிடம் சொல்லாததைச் சிலர் எங்களிடம் சொல்வார்கள். அப்படிக் கேட்டவற்றில் பெயர், ஊர், பீடம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மீதியைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், நமது பிள்ளை எங்கே போகிறது என்று பார்ப்போம். ஏ.எல் எழுதி, முடிவு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பதிவு முடிந்து கெம்பஸ் வாசலை மிதிக்கும்போது வயது இருபதைத் தாண்டிவிடும். அதுவரை பௌதிகவியலும் இரசாயனவியலும் தமிழில். இடம் கிடைப்பது மாத்தறையில், அல்லது மொரட்டுவையில், அல்லது குளியாப்பிட்டியில். விரிவுரை ஆங்கிலத்தில். ஹொஸ்டலிலும் கென்டீனிலும் அலுவலகத்திலும் கதை சிங்களத்தில். தமிழில் ஒரு சொல் கேட்க வேண்டுமென்றால் இரவு வீட்டுக்குக் கோல் எடுக்க வேண்டும். அந்தக் கோலில் வீட்டில் கேட்கிற கேள்வி இரண்டு: "சாப்பிட்டியா?", "படிப்பு எப்படி?" இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும்: "ஓம், நல்லம்."

ஊரில் இந்தப் பிள்ளை முதலாம் ஆள். அங்கே போனால் வகுப்பில் இருக்கிற எல்லோருமே ஏதோ ஓர் ஊரின் முதலாம் ஆள். முதல் செமஸ்டர் முடிவில் இரண்டு பாடம் சி, ஒரு பாடம் பெயில். இது உலகம் முடிகிற காரியமில்லை, திரும்ப எழுதலாம். ஆனால், சந்தியில் படம் தொங்கிய பிள்ளைக்கு அதை வீட்டில் எப்படிச் சொல்வதென்று தெரியாது. பெனரில் ஏறிய முகம் சாதாரணமாகத் தோற்கவும் முடியாமல் போகிறது.

பணக் கஷ்டம் இன்னொன்று. மஹாபொல 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகக் கூடியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பல பல்கலைக்கழகங்களில் எல்லா வருசமும் ஹொஸ்டல் கிடைப்பதில்லை. இடைப்பட்ட வருசங்களில் வெளியே போர்டிங் பிடிக்க வேண்டும். அந்த வாடகையோடு மாதக் காசு முடிந்துவிடும். 2022 நெருக்கடிக்குப் பிறகு ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு "சாப்பிட்டேன் உம்மா" என்று சொல்லப் பழகிய பிள்ளைகள் இருக்கிறார்கள். வெறும் வயிற்றோடு படுக்கிற பிள்ளைக்குத் தூக்கம் வராது, தூக்கம் வராத பிள்ளைக்குக் காலை விரிவுரை ஏறாது. மனச்சோர்வு என்று நாம் சொல்வது பல நேரம் இப்படிச் சோற்றுப் பானையில் இருந்தும் தொடங்குகிறது.

பகிடிவதையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. 1997 இல் பேராதனையில் பொறியியல் படிக்கப் போன ஒரு தமிழ் மாணவர் பகிடிவதைக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழந்து மௌத்தானார். அடுத்த வருசமே, 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருசம் வரை சிறை, பாலியல் துன்புறுத்தலோ பாரதூரமான காயமோ சேர்ந்தால் பத்து வருசம் வரை. சட்டம் நல்ல சட்டம். ஆனாலும் முதல் மூன்று மாதம் போனை அணைத்து வைக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். முறையிட்டால் பெச் முழுக்க ஒதுக்கிவிடும் என்ற பயம், அடியை விடப் பெரிய பயம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நமது பிள்ளைகளுக்கு இன்னொரு பாரமும் கூடியது. பேக்கைத் திறந்து காட்டுவதும், ஹபாயாவைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்வதும், அறைத் தோழி திடீரென்று பேச்சைக் குறைத்ததை விழுங்கிக்கொள்வதும். இன்று அது பெருமளவு தணிந்துவிட்டது. அந்த வருசங்களில் படித்தவர்கள் அதை மறக்கவில்லை.

சரி, உதவி எதுவும் இல்லையா?

இருக்கிறது. அங்கேதான் நாங்கள் சொல்ல வந்த விசயம் வருகிறது.

நமது பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர் என்று ஒருவர் இருப்பார். ஒருவர் அல்ல, பீடத்துக்குச் சிலர். பெயரைக் கேட்டால் மனக்கவலையைக் கேட்கப் பயிற்சி பெற்ற ஆள் என்று தோன்றும். பெரும்பாலும் அவர் ஒரு விரிவுரையாளர். தனது பாடங்களோடு இந்தப் பொறுப்பையும் சேர்த்துச் சுமப்பவர். ஹொஸ்டல் பிரச்சினை, பகிடிவதை முறைப்பாடு, மாணவர் சண்டை, வரவுக் கணக்கு எல்லாம் அவர் மேசைக்கே வரும். விசாரணைக்கும் அவரே போக வேண்டியிருக்கும். காலையில் உன்னை விசாரித்தவரிடம் பின்னேரம் போய், "சேர், எனக்கு வாழவே பிடிக்குதில்ல" என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

எங்களிடம் படித்த ஒரு மகன். பாடசாலையில் சிரிப்பும் கலகலப்புமாக இருந்தவன். இரண்டாம் வருசத்தில் விரிவுரைக்குப் போவதை நிறுத்திவிட்டான். சோம்பல் என்று நண்பர்கள் நினைத்தார்கள். பகலில் படுத்தே கிடப்பான், இரவில் விழித்திருப்பான், குளிக்கவும் மனமில்லை. ஒரு நாள் ஒரு சீனியர் நானா வற்புறுத்தி மாணவ ஆலோசகரிடம் அனுப்பினார். கதவைத் தட்டி உள்ளே போனான். அவர் கேட்ட முதல் கேள்வி: "அட்டென்டன்ஸ் எத்தனை வீதம்?" எண்பது வீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத ஏலாது என்று விளக்கினார். அது உண்மைதான், விதியில் அப்படித்தான் இருக்கிறது. பிள்ளையின் நன்மைக்கே சொன்னார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தவன் அதன் பிறகு அந்தக் கட்டடப் பக்கமே போகவில்லை.

அந்த விரிவுரையாளர் கெட்டவர் அல்ல. எத்தனையோ விரிவுரையாளர்கள் சொந்தக் காசில் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக் கூப்பன் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், நடுச்சாமத்தில் வைத்தியசாலைக்கு ஓடியிருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியும். நாங்கள் ஆளைப் பற்றிப் பேசவில்லை, கதிரையைப் பற்றிப் பேசுகிறோம். புள்ளி போடுகிற கை, வரவு பார்க்கிற கண், விசாரணை அறிக்கை எழுதுகிற பேனை, இவற்றோடு கவலை கேட்கிற காதையும் ஒரே கதிரையில் உட்கார வைத்தால் காது வேலை செய்யாது. பாடசாலையிலும் இதே நிலைதான். வழிகாட்டலும் ஆலோசனையும் என்று ஓர் அறை இருக்கும். அதற்குப் பொறுப்பான ஆசிரியர் பல இடங்களில் ஒழுக்காற்றுக் குழுவிலும் இருப்பார். ஆசிரியர் லீவு போட்டால் ரிலீஃப் பாடத்துக்கும் அவரே போவார். பிள்ளைகள் அந்த அறையைத் தண்டனை அறையாகத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் கெம்பஸும் போகிறார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும், ஒவ்வொரு தேசிய கல்வியியற் கல்லூரியிலும், புள்ளியோடும் ஒழுக்காற்றோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாத, பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் முழுநேரமாக இருக்க வேண்டும். சில இடங்களில் இப்படியானவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான மாணவருக்கு ஓரிருவர் என்பது போதாது. அந்த அறை நிர்வாகக் கட்டடத்தின் நடுவில் இருக்கவும் கூடாது. யார் உள்ளே போகிறார் என்று கிளார்க் மார் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு எந்தப் பிள்ளையும் வராது, பெண் பிள்ளைகள் நிச்சயமாக வரமாட்டார்கள். சொன்னது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இன்னாரிடம் சொல்லப்படும் என்று முதல் நாளே எழுத்தில் கொடுக்க வேண்டும். அலுவலக நேரம் நான்கு மணியோடு முடிகிறது. பிள்ளைக்கு நெஞ்சு அடைப்பது மஃரிபுக்குப் பிறகுதான். கிழமையில் இரண்டு நாளாவது பின்னேரம் திறந்திருக்க வேண்டும்.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பரீட்சையை இரண்டாம் மொழியில் எழுதலாம், பயிற்சி எடுத்தால் வரும். கவலையை இரண்டாம் மொழியில் சொல்வது மிகக் கடினம். "மனசு ஒரு மாதிரியா இருக்கு", "நெஞ்சு பாரமா இருக்கு", "ஒண்டுலயும் புடிப்பில்ல", "தல வெடிக்கிற மாதிரி" என்று நமது பிள்ளை சொல்கிற நாலு வசனமும் நாலு வேறு விசயம். அனுபவமுள்ள ஒருவர் தமிழில் கேட்டால் எது எதைக் குறிக்கிறது என்று பிடித்துக்கொள்வார். அதே பிள்ளை சிங்களத்தில் சொல்லும்போது எல்லாம் சுருங்கி "மட்ட துகயி" என்ற ஒரே வசனத்தில் வந்து நிற்கும். எதிரே இருப்பவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அந்த ஒரு வசனத்தை வைத்து என்ன செய்வார்? தமிழ் பேசும் மாணவர் கணிசமாக இருக்கிற எந்தக் கெம்பஸிலும் தமிழ் தெரிந்த உளவளத்துணையாளர் ஒருவர் கட்டாயம் வேண்டும். தமிழ் அரச கரும மொழி. சலுகையாக நாம் எதையும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்திலோ ஒலுவிலிலோ படிக்கிற சிங்களப் பிள்ளைக்கும் இதே உரிமை உண்டு. அந்தப் பிள்ளைக்காகவும் சேர்த்தே கேட்கிறோம்.

இனி நமது வீட்டுப் பக்கம்.

பிள்ளை பேசாமல் இருக்கிறது, சாப்பிடுவதில்லை என்றால் நமது ஊரில் முதலில் வருகிற விளக்கம் கண்ணூறு. அடுத்தது ஜின். கொஞ்சம் படித்த வீடாக இருந்தால், "ஈமான் குறஞ்சிட்டு, தொழுதா சரிவரும்". தொழுகை மனதுக்கு ஆறுதல் தரும், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் கவலைப்படுகிறவன் ஈமான் குறைந்தவன் என்றால், மகனை நினைத்து அழுது அழுது கண் வெளுத்துப்போன யஃகூப் (அலை) அவர்களை என்ன சொல்வது? பிரசவ வேதனையில், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று மர்யம் (அலை) அவர்கள் வாய்விட்டுச் சொன்னதைக் குர்ஆன் மறைக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாவல் தேடக் கற்றுத் தந்தார்கள். நல்ல மனிதருக்கும் இவை வரும் என்பதால்தானே அந்தத் துஆ.

நமது அறிஞர்களும் இதை மருத்துவமாகவே பார்த்திருக்கிறார்கள். 934 இல் வபாத்தான அபூ ஸைத் அல் பல்கி, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதியவர். இழப்பு போன்ற தெரிந்த காரணத்தால் வருகிற துக்கம் வேறு, காரணம் தெரியாமலே வந்து அமுக்குகிற துக்கம் வேறு என்று பிரித்தார். இரண்டாவதற்கு உடம்பையும் கவனிக்க வேண்டும் என்றார். ஆயிரம் வருசத்துக்கு முந்திய விசயம். இன்றைக்கு நமது வீட்டில் அதே துக்கத்துக்குத் தண்ணி ஓதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஓத வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. டெங்கு வந்தாலும் ஓதுகிறோம், ஆனால் இரத்தம் சோதிக்காமல் விடுகிறோமா?

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொரு பயம். "மன வியாதிக்கு மருந்து எடுத்தது தெரிஞ்சா நாளைக்கு யாரு கலியாணம் பேசுவாங்க?" இந்தப் பயம் பொய் இல்லை, ஊர் அப்படித்தான் கதைக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். மூன்று மாதத்தில் குணமாக வேண்டியது மூன்று வருசம் இழுபட்டு, படிப்பும் பாதியில் நின்று, அந்தப் பிள்ளையை அதே நிலையில் கலியாணம் கட்டிக் கொடுப்பதில் யாருக்கு என்ன நன்மை? மாப்பிள்ளை வீட்டுக்கும் சேர்த்துத்தான் அநியாயம்.

முன்பு சொன்ன அந்த மகனுக்கு வருவோம். அவனை மீட்டது ஒரு சின்னத் தகவல். லீவில் வந்தவனை அவன் ராத்தா விடாப்பிடியாகக் கூட்டிக்கொண்டு பக்கத்து அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போனார். தமிழில் கதைத்த டொக்டர். மருந்து, கிளினிக், சில மாதம். செலவு பஸ் காசு மட்டும். இதற்கிடையில் அவனை வாட்டியது நோயை விட ஒரு கேள்வி: தவறவிட்ட பரீட்சை என்னாகும், கிளாஸ் போய்விடுமே. இதற்கு ஒரு வழி உண்டு என்பது அவனுக்குத் தெரியாது, வீட்டிலும் தெரியாது. நோய்க் காரணமாகப் பரீட்சைக்குப் போக முடியாவிட்டால் அரச வைத்தியசாலையின் மருத்துவச் சான்றிதழை உரிய காலத்துக்குள் பல்கலைக்கழக மருத்துவ அதிகாரியிடம் சமர்ப்பிக்க வேண்டும். பீடம் அதை ஏற்றுக்கொண்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணக்கில் எடுக்கப்படும். மனநோயும் நோய்தான், அதற்கும் மெடிக்கல் உண்டு. கால எல்லை பீடத்துக்குப் பீடம் மாறும், சில இடங்களில் நாட்கணக்கில்தான். அதனால் நோயாளிப் பிள்ளை தானே ஓடித் திரிய முடியாதபோது வீட்டார் ஒருவர் பதிவாளர் அலுவலகத்தில் போய்க் கேட்டுவிடுவது புத்தி. இந்த ஒரு விதி தெரியாமல் படிப்பையே விட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம். அந்த மகன் ஒரு வருசம் பிந்திப் பட்டம் எடுத்தான்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விசயத்தையும் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பிள்ளை "செத்தா நல்லம்" என்று சொன்னால், விளையாட்டுக்குச் சொல்வதாக எடுக்காதீர்கள். நேராகவே கேளுங்கள்: "உயிரை மாய்க்கிற எண்ணம் வருதா மகன்?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே பிள்ளைக்கு ஆசுவாசம். ஹறாம் என்ற பயானை அந்த நேரத்தில் தொடங்க வேண்டாம், அது ஹறாம் என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியும். தனியாக விடாதீர்கள், பக்கத்து வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். பொலிஸ் வரும், கேஸ் ஆகும் என்று பயந்து வீட்டுக்குள்ளேயே மூடி வைக்கிறவர்களுக்கு: தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற பிரிவு நமது நாட்டில் 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். பிள்ளைக்காகப் பெற்றோரும் எடுக்கலாம், அறைத் தோழரும் எடுக்கலாம். போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

முஸ்லிம் மஜ்லிஸ் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. புதிய பெச் வந்தால் வரவேற்கிறீர்கள், நோன்பில் இஃப்தார் வைக்கிறீர்கள், ஜும்ஆவுக்கு ஒழுங்கு செய்கிறீர்கள். பெரிய காரியம். அதோடு, ஒவ்வொரு புதிய பிள்ளைக்கும் அதே பாசை பேசுகிற ஒரு சீனியரைப் பொறுப்பாகக் கொடுங்கள். புத்திமதி சொல்ல வேண்டாம். கிழமைக்கு ஒரு தரம் கூட இருந்து தேத்தண்ணி குடித்தால் போதும். ஒரு கிழமை அந்தப் பிள்ளை வராவிட்டால் அறைக்குப் போய்ப் பாருங்கள். தாங்க முடியாத விசயம் என்று தோன்றினால் நீங்களே டொக்டர் ஆகாமல், மேலே சொன்ன இடங்களுக்குக் கூட்டிப் போங்கள். தமிழ் மாணவர் சங்கங்களும் இதையே செய்யலாம், சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

பெற்றோரிடம் கேட்பது சின்ன விசயம். இரவுக் கோலில் "படிப்பு எப்படி?" என்பதற்கு முதல் "இன்டைக்கு யாரோட இருந்த?" என்று கேட்டுப் பாருங்கள். அறைத் தோழர் ஒருவரின் நம்பரையாவது வாங்கி வையுங்கள். மாதம் ஒரு தரமாவது பிள்ளையை முகம் பார்த்துக் கதையுங்கள், குரல் பொய் சொல்லும். வாப்பாமார் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் இதை உம்மா மட்டும் தனியாகச் சுமக்கக் கூடாது, மாமாமாரும் சாச்சாமாரும் பங்கெடுக்க வேண்டும்.

எங்கள் பாடசாலையில் இம்முறை போகிற பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒரு சனிக்கிழமை காலை கூப்பிட்டிருக்கிறோம். முன்பு படித்தவர்கள் நால்வர் வந்து கதைப்பார்கள், முதல் செமஸ்டரில் பெயிலான ஒருவரும் அதில் இருப்பார். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு தாள் கொடுக்க நினைக்கிறோம்: அந்தப் பல்கலைக்கழகத்தில் உளவளத்துணை அறை எங்கே, எந்த நாள் திறந்திருக்கும், தமிழில் கதைக்க யார் இருக்கிறார், பக்கத்து வைத்தியசாலையின் உளநலக் கிளினிக் எந்தக் கிழமை, மெடிக்கல் கொடுக்க எத்தனை நாள். மாத்தறை, மிஹிந்தலை, பதுளை, பெலிஹுல்ஓயா, குளியாப்பிட்டிய ஆகிய இடங்களின் விபரங்கள் இன்னும் குறைவாக இருக்கின்றன. அங்கே படிக்கிற, படித்த பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் தெரிந்ததை அனுப்பி வையுங்கள். தாள் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது.